கிற்றார் பழகும் பிள்ளைக்கு ஸ்மார்ட் அம்ப் தேவையா?



வரிப் படிவம், வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று மாதாமாதம் உங்களோடு கதைப்பவன் இன்றைக்குக் கிற்றாரைப் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நான் கிற்றார் வாசிப்பவன் அல்ல. ஆனால் இந்தக் கேள்வி கணக்காளன் என்ற முறையில்தான் என்னிடம் வந்தது. இந்த வருடம் வரிக் கணக்குப் பார்க்கப் போன மூன்று வீடுகளில், கடதாசிகளை மடித்து வைத்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், பெற்றோர் ஏறக்குறைய ஒரே விடயத்தைக் கேட்டார்கள். "அண்ணை, பிள்ளை ஸ்மார்ட் அம்ப் ஒண்டு வேணும் எண்டு நிக்குது. இருநூற்றி நாப்பது பவுண் சொல்லுறாங்கள். வாங்கிக் குடுக்கிறதோ, விடுறதோ?"

240 பவுண் எங்களில் பலருக்குச் சின்னத் தொகை அல்ல. ஊரில் இருக்கிற சகோதரிக்கு அனுப்ப வேண்டிய காசு இருக்கிறது. வாடகை இருக்கிறது. அதே நேரம், எங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்ற மனமும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சில பெற்றோர் கேட்டவுடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். வேறு சிலர் கேட்டவுடன் மறுக்கிறார்கள். இரண்டு பேருமே கணக்குப் பார்ப்பதில்லை. இன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் இந்தச் சாமான் என்ன என்று விளங்கிக்கொள்ள வேண்டும். மரப்பெட்டி உள்ள சாதாரண கிற்றாருக்கு அம்ப் தேவையில்லை. அதன் வயிறே அதற்கு ஒலிபெருக்கி. பிள்ளையிடம் இருப்பது அந்த வகையானால், பழகுவதற்கு இந்தச் செலவு தேவையே இல்லை, இத்தோடு நீங்கள் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மின்சாரக் கிற்றார் வேறு. அதன் கம்பிகளின் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. உலோகக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருப்பித்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பெட்டிதான் அம்பிளிபயர், சுருக்கமாக அம்ப்.

பழைய காலத்து அம்புகளில் வால்வு இருந்தது, எங்கள் ஊர் வீடுகளில் இருந்த பழைய வானொலிப் பெட்டிகளைப் போல. ரொக் பாடல்களில் கேட்கிற அந்தக் கரகரத்த, கனத்த ஓசை, வால்வு அம்பைச் சத்தமாக வைத்து அதன் எல்லைக்குத் தள்ளும்போதுதான் வரும். அதாவது நல்ல ஓசை வேண்டுமென்றால் பெரிய சத்தமும் சேர்ந்து வரும். 1996இல் லைன் 6 என்ற அமெரிக்க நிறுவனம், வால்வு அம்பின் ஓசையைக் கணினிக் கணக்கு மூலம் உண்டாக்கும் அம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது. 1998இல் அதே நிறுவனத்தின் பொட் என்ற சிறிய கருவி வந்தது. 2011இல் யமஹாவின் ரி.எச்.ஆர் வரிசை, மேசையில் வைத்து மெல்லிய சத்தத்தில் வாசிப்பதற்கென்றே வந்தது. 2020இல் பொசிட்டிவ் கிறிட் நிறுவனத்தின் ஸ்பார்க், கைத்தொலைபேசியோடு சேர்ந்து வேலை செய்யும் அம்பாகச் சந்தைக்கு வந்தது. பிள்ளைகள் ஸ்மார்ட் அம்ப் என்று சொல்வது இந்தக் கடைசி வகையைத்தான்.

இது செய்கிற வேலைகள் நான்கு. ஒன்று, மெல்லிய சத்தத்திலும் பெரிய அம்பின் ஓசையைத் தரும். இரண்டு, ஹெட்போன் மாட்டி வெளியில் சத்தமே இல்லாமல் வாசிக்கலாம். மூன்று, தொலைபேசியில் இருந்து புளூடூத் வழியாகப் பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிக்கலாம். சில மாதிரிகளில் நீங்கள் வாசிப்பதைக் கேட்டு அதற்கு ஏற்ற ட்ரம்ஸும் பேஸும் தானாகவே சேர்ந்து வரும். நான்கு, பாட்டைக் கேட்டு அதன் கோட்ஸ் என்னவென்று செயலியில் எழுதிக் காட்டும். இந்த நான்காவதைக் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஊகிக்கிறது, சில வேளை பிழையாகவும் ஊகிக்கும். கர்நாடகக் கீர்த்தனைக்கு கோட்ஸ் என்பதே கிடையாது. அதற்கு அது எதையாவது காட்டினால், அது அதன் சொந்தக் கற்பனை.

இதற்கிடையில் வீட்டில் இருக்கிற மூத்தவர்கள், "ஏன் இந்த வெள்ளைக்காரன்ர வாத்தியம்? மிருதங்கமோ வயலினோ பழகலாம்தானே" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 1960களின் கடைசியிலும் 1970களிலும் இலங்கையில் தமிழ் பொப் இசை எழுந்தபோது, நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்களின் பாட்டுகளை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பாட்டுகளில் கிற்றார் இருந்தது. வயலினும் ஒருகாலத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியம்தான். ஆகவே கேள்வி வாத்தியத்தைப் பற்றியது அல்ல, 240 பவுணைப் பற்றியது.

இனி அந்த மூன்று வீடுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களின் அனுமதியோடு, பெயரும் இடமும் சொல்லாமல். தகப்பன் வான் ஓடுகிறார். தாய் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் வந்து பத்து மணிபோல் படுத்தால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் எழும்புவார். மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறா, ஜி.சி.எஸ்.ஈக்குச் சங்கீதம் ஒரு பாடம். எட்எக்ஸெல், ஏ.கியூ.ஏ போன்ற தேர்வுச் சபைகளில் அந்தப் பாடத்தில் வாத்தியம் வாசிப்பதற்கு மட்டும் 30 வீதப் புள்ளிகள். மைத்துனர் முறையான ஒரு பொடியன் பாவித்த மின்சாரக் கிற்றாரும், ஹெட்போன் மாட்ட வழியில்லாத ஒரு பழைய அம்பும் வீட்டில் இருந்தன.

தகப்பன் சொன்னார்: "கிற்றார் மூலைக்குள்ள கிடக்குது அண்ணை. தொடுறதே இல்லை. இப்ப புது அம்ப் கேக்குது. அதுவும் மூலைக்குள்ளதான் போகும். இந்தக் காசு தங்கச்சிக்கு அனுப்பினா அவளுக்கு ஒரு மாசம் ஓடும்." மகள் ஒன்றும் பேசவில்லை. படியேறி அறைக்குப் போய்விட்டா.

நான் வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. கம்பனிக் கணக்கில் சந்தேகம் வந்தால் முதலில் பதிவேட்டைத்தான் கேட்போம். அதையே கேட்டேன். இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். வாசிக்க வேண்டும் என்று நினைத்த நேரம், உண்மையில் வாசித்த நேரம், வாசிக்காவிட்டால் ஏன் என்ற காரணம். மூன்றே மூன்று நிரல்.

இரண்டு கிழமையால் கொப்பி வந்தது. வாசிக்க நினைத்தது 11 தரம். வாசித்தது 4 தரம். மிச்சம் ஏழில், நான்கு தரம் "அம்மா நித்திரை." மூன்று தரம் "தம்பி நித்திரை." சோம்பல் என்றோ, விருப்பமில்லை என்றோ ஒரு வரியும் இல்லை. கொப்பி பிள்ளை எழுதியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமும், தாய் எழும்புகிற நேரமும், தம்பி படுக்கிற நேரமும் தகப்பனுக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். சரிபார்த்து முடித்துவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தார். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று அவர் நினைத்தது, உண்மையில் பிள்ளை தாயின் நித்திரையைக் காத்தது.

நேயர்களே, இந்தச் சாமானைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான். ஸ்மார்ட் அம்பில் ஆயிரக்கணக்கான ஓசைகள் இருக்கின்றனவா, செயலி என்ன வித்தை காட்டும் என்பது முதல் கேள்வி அல்ல. இப்போது பிள்ளை வாசிக்காமல் இருப்பதற்குக் காரணம் என்ன என்பதுதான் முதல் கேள்வி. காரணம் சத்தம் என்றால், ஹெட்போன் வசதி உள்ள அம்ப் அதைத் தீர்க்கும். தனியே வாசித்து அலுத்துப்போனது காரணம் என்றால், பாட்டோடும் ட்ரம்ஸோடும் சேர்ந்து வாசிக்கும் வசதி ஓரளவு தீர்க்கும். கிற்றாரின் கம்பிகள் உயர்ந்து நின்று விரல் நோகிறது என்றால், திருத்துகிற கடையில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும், அம்ப் எதுவும் செய்யாது. சொல்லித் தர ஆள் இல்லை என்றால், அந்தக் காசு வகுப்புக்குப் போக வேண்டும். நேரமே இல்லை என்றால், எந்தச் சாமானும் நேரத்தைத் தராது.

இனிக் கணக்கு. 240 பவுணுக்கு வாங்கி, மூன்று வருடத்தால் 120 பவுணுக்கு விற்கலாம் என்று வைப்போம். தேய்மானம் 120 பவுண். பிள்ளை ஒரு நாளைக்கு 20 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், வருடத்தில் 48 கிழமை வாசித்தால் வருடத்துக்கு 80 மணித்தியாலம். மூன்று வருடத்துக்கு 240. ஒரு மணித்தியாலத்துக்கு 50 பென்ஸ் செலவு. ஒரு தேத்தண்ணிக் காசுகூட இல்லை. அதே பிள்ளை இரண்டு மாதத்தில் விட்டுவிட்டால்? எட்டுக் கிழமையில் 13 மணித்தியாலம் சொச்சம். அப்போது 150 பவுணுக்கு விற்றாலும் நட்டம் 90 பவுண். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 6 பவுண் 75 பென்ஸ். சாமான் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். மலிவா விலையா என்று தீர்மானிப்பது வாசிக்கும் மணித்தியாலம்.

விட்டுவிடுவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பெண்டர் கிற்றார் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகப் பதவி வகித்த அன்டி மூனி, புதிதாகப் பழகுபவர்களில் 90 வீதமானோர் முதல் வருடத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விற்கிறவரே சொல்கிற கணக்கு அது. இதில் எங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. விட்டுவிட்டவர்களின் சாமான்கள் கீறல்கூட விழாமல் பாவித்த பொருள் சந்தைக்கு வருகின்றன.

காசைக் கடனில் போடுவதைப் பற்றியும் ஒரு சொல். கடனட்டையில் 240 பவுணை வைத்து, மாதம் 2 வீத வட்டியில், மாதாமாதம் 10 பவுண் மட்டும் கட்டினால் முடிக்க 33 மாதத்துக்கு மேல் ஆகும். கட்டியது ஏறக்குறைய 330 பவுண் ஆகியிருக்கும். 90 பவுண் வட்டி. அந்த வட்டிக் காசிலேயே ஒரு சின்ன அம்ப் வாங்கலாம்.

ஆம், மலிவான வழிகளும் இருக்கின்றன. கிற்றாரின் துளையிலேயே நேராகச் செருகி, அதில் ஹெட்போனை மாட்டுகிற சின்னக் கருவிகள் உண்டு. வொக்ஸ் நிறுவனத்தின் அம்பிளக் அப்படி ஒன்று, 40 பவுண் அளவில் கிடைக்கும். பொஸ் நிறுவனத்தின் கட்டானா மினி 7 வொட் அம்ப், பற்றரியிலும் வேலை செய்யும், செயலி எதுவும் தேவையில்லை, 100 பவுண் அளவில் வரும். ஐபாட்டோ அப்பிள் கணினியோ வீட்டில் இருந்தால், அதில் கராஜ்பான்ட் என்ற மென்பொருள் இலவசம். கிற்றாரை அதோடு இணைக்கிற ஒரு சிறிய பெட்டி மட்டும் வாங்கினால் போதும். விலைகள் மாறக்கூடியவை, வாங்கும் நாளில் பாருங்கள்.

வொட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 40 வொட் அம்ப், 10 வொட் அம்பைவிட நான்கு மடங்கு சத்தமாகக் கேட்காது. வலு இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டும். எங்கள் காதுக்கு இரு மடங்கு சத்தம் என்று கேட்க, ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். படுக்கையறையில் வாசிக்க 5 வொட்டே தாராளம்.

ஸ்மார்ட் வகைதான் என்று முடிவெடுத்தால், கடையில் ஒரு பரிசோதனை செய்யுங்கள். தொலைபேசியை அணைத்துவிட்டு அம்பை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். திருகுகளால் ஓசையை மாற்ற முடிகிறதா, அல்லது எல்லாவற்றுக்கும் செயலிதான் வேண்டுமா? ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். செயலி அப்படி அல்ல. 2017 செப்ரெம்பரில் அப்பிளின் ஐ.ஓ.எஸ் 11 வந்தபோது, 64 பிட்டுக்கு மாற்றி எழுதப்படாத பழைய செயலிகள் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. செயலி நின்றாலும் அம்ப் நிற்காமல் இருக்க வேண்டும். இணையத்தோடு இணையும் பொருட்களைத் தயாரிப்பவர்கள், குறைந்தது எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று இந்த நாட்டில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் இருக்கிறது. வைஃபை உள்ள அம்ப் என்றால் அந்தத் திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் உரிமைகளையும் தெரிந்து வையுங்கள். இணையத்தில் புதிதாக வாங்கினால், சாமான் கைக்கு வந்த நாளில் இருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை சட்டத்தில் இல்லை, கடையின் விருப்பம். சாமானில் பழுது என்றால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். 100 பவுணுக்கு மேற்பட்ட சாமானைக் கடனட்டையில் வாங்கினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, கடைக்காரரோடு சேர்த்து அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. அந்த மாதமே முழுவதையும் கட்டிவிட்டால் வட்டியும் இல்லை, பாதுகாப்பும் உண்டு. பாவித்த சாமானைத் தனியாரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே பிள்ளையையும் கிற்றாரையும் கூட்டிக்கொண்டு போய், மாட்டி வாசித்துப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

ஹெட்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண புளூடூத் ஹெட்போனில் கம்பியைத் தட்டியதற்கும் காதில் கேட்பதற்கும் இடையில் தாமதம் ஏற்படும். பாட்டுக் கேட்க அது தெரியாது, வாத்தியம் வாசிக்கத் தாளம் பிசகும். சத்தத்தையும் அளவாக வைக்கப் பழக்குங்கள், காது ஒருமுறை கெட்டால் திருத்த முடியாது.

அந்த வீட்டில் என்ன நடந்தது? 240 பவுணுக்குப் புதிது வாங்கவில்லை. பாவித்த சின்ன ஸ்மார்ட் அம்ப் ஒன்றை 110 பவுணுக்கு வாங்கினார்கள். அதில் 30 பவுண் மகளின் பிறந்தநாள் காசு. ஊருக்குப் போகிற காசில் கை வைக்கவில்லை. மகள் இப்போது கிழமைக்கு ஐந்து ஆறு தரம் வாசிக்கிறா. செயலியில் இருக்கிற ஆயிரம் ஓசைகளில் இரண்டையோ மூன்றையோதான் பாவிக்கிறா என்று அறிந்தேன். அதுவே போதும்.

ஆனால் விலைச் சீட்டில் எழுதாத ஒரு செலவு பின்னர்தான் தெரிந்தது. தாய் ஒருநாள் என்னிடம், "முந்தி எப்பவாவது ஒரு நாள் வாசிச்சாலும் எங்களுக்குக் கேட்டது அண்ணை. இப்ப ஒவ்வொரு நாளும் வாசிக்குது, எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றா. ஹெட்போன் அயலாரையும் தாயின் நித்திரையையும் காக்கிறது. அதேநேரம் பிள்ளையை ஒரு கதவுக்குப் பின்னால் வைத்து விடுகிறது. எங்கள் வீடுகளில் ஏற்கெனவே தகப்பன் ஒரு வேலை நேரம், தாய் ஒரு வேலை நேரம், பிள்ளைகள் ஆளுக்கொரு திரை. பெற்றோரின் தமிழும் பிள்ளைகளின் ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்திக்கின்றன. வார்த்தை இல்லாமல் பிள்ளையை விளங்கிக்கொள்ளக் கிடைத்த ஒரு வழியையும் நாங்களே அடைத்துவிடக் கூடாது.

அதனால் அவர்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தாய்க்கு வேலை இல்லாத நாளில், பத்து நிமிடம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் வாசிப்பது. பிழையாக வாசித்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தகப்பன் தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு இருக்கிறார். ஊரில் இருக்கிற தங்கச்சிக்கும் ஒருநாள் வைபரில் போட்டுக் காட்டினார்களாம். அவ கேட்ட முதல் கேள்வி, "எங்கட பாட்டு ஒண்டும் தெரியாதோ?" அடுத்த கிழமை மகள் ஒரு பழைய தமிழ்ப் பாட்டைத் தேடத் தொடங்கினா. செயலி காட்டிய கோட்ஸ் இரண்டு இடத்தில் பிழை. தானே காதால் கேட்டுத் திருத்தினா.

ஆகவே உங்கள் பிள்ளை ஸ்மார்ட் அம்ப் கேட்டால், இன்றைக்கே ஓம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஒரு கொப்பியைக் கொடுங்கள். இரண்டு கிழமை பொறுங்கள். தடையாக இருப்பது சத்தமோ தனிமையோ என்றால், உங்கள் வரவுக்குள் அடங்கும் ஒன்றை, முடிந்தால் பாவித்ததை வாங்குங்கள். தடை வேறு என்றால் அந்தக் காசை அந்த இடத்தில் போடுங்கள். வாங்கினால், கிழமைக்குப் பத்து நிமிடம் வீடு கேட்க வாசிக்க வேண்டும் என்பதையும் அதே நாளில் பேசி முடிவெடுங்கள். இரண்டு கிழமைக்குள் பிள்ளை கொப்பியையே மறந்துவிட்டால், அதுவும் ஒரு பதில்தான். ஏசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சில் வந்த கணக்குகளில் ஏதும் கேள்வி இருந்தால், வழமைபோல நிலையத்துக்கு எழுதுங்கள் அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திக்கும்வரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.